ஏலத்தில் போன நாலு டயர்

பாக்கியசீலன் எனக்குப் பதினெட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் கடன்பட்டிருந்தான். நாலு டயருக்கு. வண்ணார்பேட்டையில் இந்தக் கதையை ஆளாளுக்கு ஒரு விதமாகச் சொல்லித் திரிகிறார்கள். டீக்கடையில் ஒரு விதம், கோயில் வாசலில் ஒரு விதம். நடந்தது எனக்குத்தான் முழுசாகத் தெரியும் என்பதால் நானே எழுதிவிடுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் எழுதுவது. எழுத்தில் பிழை இருந்தால் படித்தவர்கள் திருத்திக்கொள்ளட்டும். சங்கதியில் பிழை கிடையாது.

என் பெயர் எலியேசர். பதினொரு வயதில் பஞ்சர் கடையில் டியூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழி பார்க்க வந்தவன். இன்றைக்கு எனக்கு மூன்று குடோன் இருக்கிறது, இரண்டு இழுவை லாரி இருக்கிறது, மதுரைக்குத் தெற்கே பழைய டயர் என்றால் என்னைக் கேட்காமல் விலை சொல்லமாட்டார்கள். எந்த டயரையும் விரல் கணுவால் ஒரு தட்டுத் தட்டி வயதைச் சொல்லிவிடுவேன். அதன் பிறகு பக்கவாட்டில் இருக்கும் நாலு எண்ணைப் பார்த்துக்கொள்ளலாம். முதல் இரண்டு எண் வாரம், அடுத்த இரண்டு எண் வருஷம். என் தட்டு ஒரு வருஷத்துக்கு மேல் தப்பினதில்லை.

கடைக்கு மேலே ஒரு பலகை உண்டு. தொண்ணூற்று நாலில் நானே சொல்லி எழுதவைத்தது. ‘இங்கே வாங்கின டயரின் வயதில் பொய் என்று காட்டினால், கட்டின பணம் இரட்டிப்பாகத் தரப்படும்.’ முப்பது வருஷமாக அந்தப் பலகை வெயிலிலும் மழையிலும் நிற்கிறது. ஒருத்தனும் வந்து காட்டினதில்லை.

இனி அவன் கதை.

பாக்கியசீலன் பாளையங்கோட்டையில் ஒரு மிஷன் பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க். வயது நாற்பத்திரண்டு. அப்பா உபதேசியார், ஒரே சைக்கிளில் ஐந்து ஊர் சுற்றி ஜெபம் பண்ணியே செத்தார். மகனுக்கு அந்தச் சைக்கிளையும் ஒரு பைபிளையும்தான் விட்டுப்போனார். அப்படிப்பட்டவன் சம்பளத்தில் மாதம் ஆயிரம் ஒதுக்கி, மூன்று வருஷம் சேர்த்து, ஒரு டாக்டர் வீட்டில் மூலையில் கிடந்த மாருதி எண்ணூறை முப்பத்தோராயிரத்துக்கு வாங்கினான். குடும்பத்தைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போகவா வாங்கினான்? பந்தயம் ஓட்ட.

கார்ப் பந்தயம் பணக்காரன் வீட்டுப் பிள்ளைகள் ஆடும் ஆட்டம். இவன் அதைக் கிளார்க் சம்பளத்தில் ஆட வந்தான். உள்ளே போடுகிற இரும்புக் கூண்டை, ஜன்னலுக்குக் கம்பி அடிக்கிற பட்டறையில் வைத்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் தானே பக்கத்தில் நின்று அடித்தான். ஹெல்மெட் கோயம்புத்தூரில் எவனோ போட்டுக் கழித்தது. எடையைக் குறைக்கவேண்டும் என்று பின்சீட்டைக் கழற்றினான். அதை எறிய மனசு வராமல் வீட்டு முன்னறையில் செங்கல் அடுக்கி மேலே போட்டுவைத்தான். அவன் வீட்டுக்கு யார் போனாலும் அந்தக் கார்ச் சீட்டில்தான் உட்காரவேண்டும். நானும் உட்கார்ந்திருக்கிறேன். ஏழு மாதம், மாதம் ஒரு தடவை.

அந்தக் கடன் எப்படி வந்தது என்றால், எங்கள் சபையின் அறுப்பின் பண்டிகையால் வந்தது. வெளியூர்க்காரருக்குச் சொல்கிறேன். அன்றைக்கு அவரவர் தொழிலில் விளைந்ததைக் கோயிலுக்குக் காணிக்கையாகக் கொண்டுவருவார்கள். வாழைத்தார், சேவல், கருப்பட்டி, கடைக்காரன் என்றால் கடைச் சரக்கு. ஆராதனை முடிந்ததும் எல்லாம் ஏலம் போகும். அங்கே விலைக்கும் பொருளுக்கும் சம்பந்தம் கிடையாது. ஒரு எலுமிச்சம்பழம் மூவாயிரத்துக்குப் போகும். கொடுத்தவனுக்கு மரியாதை, எடுத்தவனுக்கும் மரியாதை, பணம் ஆண்டவருக்கு. மூவாயிரம் கொடுத்தவன் அந்தப் பழத்தைப் பிழிந்து குடிக்கவா போகிறான்? வீட்டு அலமாரியில் வைத்துக் காய்ந்துபோக விடுவான்.

இதை மனசில் வைத்துத்தான் நான் அந்த வருஷம் நாலு டயரைக் கொண்டுபோனேன். கோயம்புத்தூரில் மூடின ஒரு பந்தயப் பட்டறையின் சாமானோடு வந்தவை. மண்ணில் ஓடுவதற்கென்றே பெரிய பெரிய பல் வைத்த டயர், சின்னக் காருக்கு ஏற்ற அளவு. வயது ஒன்பது வருஷம். எனக்குத் தெரியாது என்று எழுதமாட்டேன். தட்டிப் பார்த்தேன், தெரிந்தது. கறுப்புப் பாலீஷ் போட்டு, எண் இருக்கிற பக்கத்தை அடியில் வைத்து, சாமந்தி மாலை போட்டுக் கொண்டுபோனேன். காண்ட்ராக்டர் எபனேசரிடம் முந்தின நாளே சொல்லியிருந்தேன்.

“என் சரக்கப் பதினெட்டுக்குக் குறைய விட்டுராதேயும் வே. பொறவு நான் உம்ம வாழைத்தாரப் பாத்துக்கிடுதேன்.”

எபனேசர் எடுப்பார், அவர் சாமான் செட்டில் ஒரு மூலையில் கிடக்கும், என் பெயர் மைக்கில் பத்துத் தடவை வரும். அவ்வளவுதான் என் திட்டம்.

ஏலம் கூறுகிற கமிட்டிக்காரர் மைக்கை என்னிடம் நீட்டினார். “அண்ணாச்சி, சரக்கப் பத்தி ரெண்டு வார்த்த சொல்லுங்க.”

நான் சொன்னேன்: “இது வண்ணார்பேட்டை எலியேசர் கடைச் சரக்கு. கடைக்கு என்ன வாக்கு உண்டோ அது இதுக்கும் உண்டு.”

சபை கைதட்டியது. எபனேசர் ஐயாயிரத்தில் தொடங்கினார். ஆறு, எட்டு, பத்து என்று பின்வரிசையிலிருந்து ஒரு கை மேலே ஏறிக்கொண்டே வந்தது. திரும்பிப் பார்த்தால் இந்தக் கிளார்க். எபனேசர் பதினெட்டு என்றார். இவன் எழுந்து நின்று பதினெட்டாயிரத்து ஐந்நூறு என்றான். எபனேசர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். அவர் வேலை முடிந்தது.

டயரைத் தோளில் மாட்டிக்கொண்டு போகும்போது அவன் முகத்தைப் பார்க்கவேண்டும். இத்தனை வருஷத்தில் ஏலப் பொருளை உபயோகிக்கிற எண்ணத்தோடு எடுத்தவன் அவன் ஒருத்தன்தான்.

ஏலப் பணத்தை உடனே கட்டவேண்டும் என்று இல்லை. கிறிஸ்துமஸுக்குள் கட்டினால் போதும். அவன் கட்டவில்லை. புதுவருஷத்து முதல் ஞாயிறன்று, மணியடித்துக் கோயில் வேலை பார்க்கிற கோயில்குட்டியார் பாக்கிப் பட்டியலை வாசல் பலகையில் ஒட்டினார். முதல் வரியிலேயே, ‘எலியேசர் காணிக்கை, டயர் நான்கு, ரூ.18,500, வரவில்லை.’ படிக்கிறவன் கண்ணில் என் பெயர் படுமா, எடுத்தவன் பெயர் படுமா? ஆராதனை முடிவதற்குள் பணத்தை நானே கட்டி அந்தக் காகிதத்தைக் கிழிக்கவைத்தேன். நேரே அவன் வீட்டுக்குப் போய் அந்தக் கார்ச் சீட்டில் உட்கார்ந்தேன்.

“ஏலே, இனி நீ ஆண்டவருக்குத் தரவேண்டாம். எனக்குத் தா.”

“தாரேன் அண்ணாச்சி. மாசாமாசம் தாரேன்.”

“ஆண்டவரு பொறுத்தாரு. நான் பொறுக்கமாட்டேன்.”

அவன் மனைவி சாலோமி உள்ளேயிருந்து வந்தாள். ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் வாயைப் பற்றி முன்னமே கேள்விப்பட்டிருந்தேன்.

“அண்ணாச்சி, நல்லாச் சாஞ்சி உக்காருங்க. பெல்ட்டு வேணும்னா மாட்டிக்கிடுங்க.”

நான் முதுகைச் சாய்க்காமலே ஒரு நிபந்தனை மட்டும் போட்டேன். கடன் தீருகிற வரைக்கும் காரின் இரண்டு கதவிலும் ‘டயர்: எலியேசர், வண்ணார்பேட்டை’ என்று எழுதியிருக்கவேண்டும். வட்டி வாங்காதவன் அதையாவது வாங்கவேண்டாமா. அவன் மறுநாளே எழுதினான், சிவப்புப் பெயிண்டில்.

மாதம் ஆயிரம் வந்தது. ஜூலையில் ஐந்நூறுதான் வந்தது. ஆக ஆறாயிரத்து ஐந்நூறு. நான் வசவைக் குறைக்கவில்லை. கடைக்கு முன்னால் அந்தக் கார் போனால் ஆட்களுக்குக் கேட்கும்படி, “அந்தா போகுது பாரு, என் துட்டு நாலு காலுல ஓடுது” என்பேன். பள்ளிக்கூடத்துக்குப் போன் பண்ணிக் கேட்டேன். சம்பளத் தேதியில் வாசலில் போய் நின்றேன். அவன் ஒரு தடவைகூட எதிர்த்துப் பேசவில்லை. அதுவே எனக்கு ஆகவில்லை. எதிர்த்துப் பேசாதவனிடம் எங்கே பிடிப்பது?

ஆகஸ்டில் பந்தயம் வந்தது. மானூரைத் தாண்டி ஒரு வறண்ட குளத்தில் ஏதோ ஒரு கிளப்புக்காரர்கள் நடத்தினார்கள். எண்ணூறு சிசி வண்டியில் முதல் வருகிறவனுக்குப் பதினையாயிரம். பாக்கியசீலன் கடைக்கே வந்து சொன்னான்.

“ஞாயித்துக்கெழம முடிஞ்சிரும் அண்ணாச்சி. பாக்கி பன்னெண்டாயிரத்த அங்கனயே தந்துருதேன்.”

“செயிக்காட்டா?”

அவன் கார்ச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தான்.

“செயிக்காட்டா சாவிய என் கையில குடுத்துட்டு பஸ்ஸுல வீட்டுக்குப் போ. லாரிய நானே கொண்டாரேன். சரியா?”

சாவியைப் பைக்குள் போட்டான். பிறகு, “சரி அண்ணாச்சி” என்றான்.

ஞாயிறு ஆராதனைக்குப் போகாமல் நான் லாரியில் ஏறினது என் ஆயுளில் அது ஒரு தடவைதான். லாரி ஓட்டுகிறவன் ஹாஜா. மேலப்பாளையத்துக்காரன், என்னிடம் இருபது வருஷம். வழியெல்லாம் முனங்கிக்கொண்டே வந்தான். “பன்னெண்டாயிரத்துக்குக் காரத் தூக்குதிய. டீசல் காசு தேறுமா மொதலாளி?”

“வண்டிய ஓட்டுலே. வாய ஓட்டாத.”

குளத்துக்குள் ஆடிக்காற்று புழுதியைச் சுருட்டிச் சுருட்டி அடித்தது. பதினொரு கார்கள் இருந்தன. மற்ற வண்டிகள் எல்லாம் லாரியில் வந்து இறங்கினவை. ஒவ்வொன்றுக்கும் ஒரே நிறத்தில் சட்டை போட்ட நாலைந்து ஆட்கள். பாக்கியசீலன் பாளையங்கோட்டையிலிருந்து அந்தக் காரையே ரோட்டில் ஓட்டிக்கொண்டு வந்தான். மேலே இரண்டு பல் டயர், பின்னால் சீட்டு இருந்த இடத்தில் இரண்டு, முன்னால் சாலோமி, அவள் மடியில் தூக்குச்சட்டி. வந்ததும் ரோட்டு டயரைக் கழற்றிப் பல் டயரை மாட்டினான். சாலோமி உட்கார்ந்திருந்த சீட்டையும் எடைக்காகக் கழற்றி ஒரு உடைமரத்தடியில் போட்டான். அவள் அதிலேயே போய் உட்கார்ந்துகொண்டாள்.

ஒவ்வொரு காராகத் தனியாக ஓடவேண்டும். ஆளுக்கு இரண்டு ஓட்டம். எதில் நேரம் குறைவோ அது கணக்கு. மைக்கில் ஒருவன் கதவைப் பார்த்து வாசித்தான்: “அடுத்து, எலியேசர் டயர்ஸ், வண்ணார்பேட்டை.” எனக்கு உள்ளே குளிர்ந்தது, மறைக்கவில்லை. பக்கத்தில் நின்ற இரண்டு பேரிடம், “அது நாந்தான்” என்றேன்.

அவன் ஓட்டினதையும் சொல்லவேண்டும். நான் எத்தனையோ லாரி டிரைவர்களைப் பார்த்தவன். ஆபீசில் கூனிக்கொண்டு ரசீது எழுதுகிறவன், முதல் வளைவில் காரைப் பக்கவாட்டில் விட்டு, புழுதிக்குள் காணாமல் போய், எந்த இடத்தில் வரவேண்டுமோ அந்த இடத்தில் மூக்கை நீட்டிக்கொண்டு வந்தான். இரண்டாவது வளைவும் அப்படியே. ஹாஜா நாக்கைச் சப்புக் கொட்டினான். அந்த இடத்துக்கு வந்த நேரம், முன்னால் ஓடின எல்லாரையும் விடக் குறைவு என்று மைக்கில் சொன்னார்கள். என் பன்னிரண்டாயிரம் வந்துவிட்டது என்று நினைத்தேன்.

மூன்றாவது வளைவில் முன்பக்க இடது டயர் பிய்ந்தது. வெடிக்கவில்லை. மேல் பட்டை அப்படியே உரிந்து, சாட்டை மாதிரிச் சுழன்று மட்கார்டைக் கிழித்தது. கார் இரண்டு சுற்றுச் சுற்றிக் கரையை நோக்கிப் போனது. கரைக்குக் கீழே மதகுக் கல். அதற்கு ஒரு முழம் முன்னால் நின்றது. புழுதி அடங்குகிற வரை ஒன்றும் தெரியவில்லை. நானும் அந்தப் பக்கம் நாலு எட்டு ஓடினேன். மைக்கில் அந்தப் பையன் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டிருந்தான்: “எலியேசர் டயர்ஸ் நின்னுட்டு. எலியேசர் டயர்ஸ் டயர் பிஞ்சிட்டு.” இருநூறு பேர் சிரித்தார்கள்.

பாக்கியசீலன் கதவைத் திறந்து தானாக இறங்கினான். காரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். சாலோமி அவன் கை காலைத் தொட்டுப் பார்த்தாள், கண்ணை விரித்துப் பார்த்தாள், நர்ஸ் பார்க்கிற மாதிரி.

இரண்டாவது ஓட்டத்துக்கு அவன் பல் டயர் நாலையும் கழற்றி எறிந்துவிட்டு, வழுக்கையாகத் தேய்ந்த அந்த ரோட்டு டயரையே மாட்டினான். மட்கார்டைக் கல்லால் தட்டி நிமிர்த்தினான். ஓட்டினான். பதினொரு பேரில் நாலாவது இடம். நாலாவதுக்குக் கோப்பையும் கிடையாது, காசும் கிடையாது.

ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு நேரே என்னிடம் வந்தான். தலைமுடியெல்லாம் புழுதி. சாவியை நீட்டினான்.

“இந்தாங்க அண்ணாச்சி. வாக்கு வாக்குதான்.”

நான் வாங்கினேன். வாங்காமல் என்ன? “ஹாஜா, கொக்கியப் போடுலே” என்றேன். ஹாஜா அசையவில்லை. சாலோமி அந்தப் பிய்ந்த டயரை உருட்டிக்கொண்டு வந்து என் காலடியில் படுக்கப்போட்டாள்.

“அண்ணாச்சி, ஒரு தட்டுத் தட்டி வயசு சொல்லுங்களேன்.”

“எம்மா, நீ சும்மா கெட.”

“நீங்க தட்டுனா ஒரு வருசம் தப்பாதுன்னு ஊரே சொல்லுதே. நான் கேட்டதே இல்ல. தட்டுங்க.”

சுற்றி ஆள் கூடிவிட்டது. நான் தட்டவில்லை. அவள் குனிந்து முந்தானையால் புழுதியைத் துடைத்து நாலு எண்ணையும் சத்தமாகப் படித்தாள். “ஒண்ணு, ஆறு, ஒண்ணு, நாலு. ரெண்டாயிரத்துப் பதினாலு. பத்து வருசம். மத்த மூணும் இதே வருசந்தான், படிக்கட்டுமா?”

நான் பாக்கியசீலனைப் பார்த்தேன். “ஒனக்கு இது எப்பத் தெரியும்லே?”

“ஏலம் எடுத்த மறுநாளு. மாட்டிப் பாக்கும்போது.”

“பொறவு ஏன் வாயத் தொறக்கல?”

“கோயில்ல வச்ச காணிக்க. அதுல குத்தம் சொல்லப்பிடாதுன்னு விட்டுட்டேன்.”

“தெரிஞ்சும் அத மாட்டிக்கிட்டு ஓட்டுனியே, கிறுக்கா ஒனக்கு?”

அதற்குப் பதிலைச் சாலோமிதான் சொன்னாள். “வேற டயர் வாங்கத் துட்டு? அந்தத் துட்டத்தான் மாசாமாசம் இந்த டயருக்குன்னு சொல்லி நீங்க வந்து வாங்கிட்டுப் போனியளே. எங்க வீட்டுச் சீட்டுலயே உக்காந்து.”

எவனோ பின்னால் சிரித்தான்.

“அது கடையில வித்ததில்ல” என்றேன். “ஏலத்துல போனது. பலக கடைக்குத்தான்.”

“கடைக்கு என்ன வாக்கு உண்டோ அது இதுக்கும் உண்டுன்னு மைக்குல சொன்னது யாரு? நம்ம சபையில எரநூறு குடும்பம் கேட்டுது. கதவுல யாரு பேரு எழுதியிருக்கு? நாங்களா ஆசப்பட்டு எழுதுனோம்?” குரலை ஏற்றாமலேதான் கேட்டாள். “இவுகளுக்கு இன்னைக்குக் கையோ காலோ போயிருந்தா ஆண்டவருகிட்ட எந்த மைக்குல சொல்லுவிய?”

“விடு சாலோமி” என்றான் பாக்கியசீலன்.

என் வாழ்க்கையில் எவனும் என்னைப் பேச முடியாமல் நிறுத்தினதில்லை. நகராட்சிக்காரன் நிறுத்தினதில்லை, வருமான வரிக்காரன் நிறுத்தினதில்லை. அன்றைக்கு அந்தக் குளத்துக்குள் நின்றேன். அந்தப் பலகையை நான் நினைத்தால் மறுநாள் காலையிலேயே இறக்கியிருக்கலாம். இறக்கினால் அது இத்தனை வருஷம் எதற்கு நின்றது? நான் அந்தப் பலகையை நம்பி வந்தவன். அதை இறக்கிவிட்டு எலியேசர் என்று சொல்லிக்கொள்ள என்னிடம் வேறு ஒன்றும் கிடையாது.

சாவியை அவன் சட்டைப் பையில் போட்டேன்.

“பாக்கி பன்னெண்டாயிரம் இல்ல. அது நான் கோயிலுக்குக் குடுத்தது. நீ இதுவர எவ்வளவு கட்டியிருக்க?”

“ஆறாயிரத்து ஐந்நூறு.”

“ரெட்டிப்பு எவ்வளவு?”

“வேண்டாம் அண்ணாச்சி. டயர் வயசு தெரிஞ்சுதான் ஓட்டுனேன். என் தப்பும் உண்டு.”

“ஒன் நாயத்த எவன் கேட்டான்? கணக்கச் சொல்லுலே, கிளார்க்குதான நீ?”

“பதிமூணாயிரம்” என்றாள் சாலோமி.

அடிமடியில் இருபதாயிரம் இல்லாமல் நான் வெளியே இறங்குவதில்லை. எடுத்தேன். எல்லாம் ஐந்நூறு ரூபாய்த் தாள்.

“கையை நீட்டு.”

அவன் நீட்டவில்லை.

“நீட்டுலே. ஒம்மேல எனக்கு எரக்கம் ஒண்ணும் கெடையாது. ஒன்ன மாதிரி வெளங்காப் பய எத்தன பேர நான் பாத்திருக்கேன். கிளார்க்கு சம்பளத்துல காரு ஓட்டுத மூஞ்சியப் பாரு. இது பலக சொன்ன துட்டு. நீட்டு.”

காற்று அடித்துக்கொண்டிருந்தது. அவன் பைய வலது கையை நீட்டி விரித்தான். கிரீஸும் செம்மண்ணும் அப்பின கை. சுண்டுவிரல் நகம் பிய்ந்து ரத்தம் உறைந்திருந்தது. தாள் பறந்துவிடாமல் இருக்க ஒவ்வொன்றாக வைத்து, ஒவ்வொரு தடவையும் என் கட்டைவிரலால் அழுத்தினேன். ஹாஜா உட்பட எல்லாருக்கும் கேட்கும்படி எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. பத்தாவது தாளில் ஒட்டிக்கொண்டு இரண்டு வந்தது. பிரித்து மறுபடியும் வைத்தேன். இருபத்தைந்து. இருபத்தாறு.